பூஸ்ட் கன்வர்ட்டரில் அவுட்புட் வோல்டேஜ் தப்பாக வருகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறைந்த டிசி வோல்டேஜை அதிக டிசி வோல்டேஜாக ஏற்றித் தருவது பூஸ்ட் கன்வர்ட்டர். 5 வோல்ட்டை 12 ஆக்க, ஒற்றை லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டை 5 ஆக்க என்று எங்கும் இதுதான். பார்க்க எளிய சர்க்யூட்: ஒரு இண்டக்டர், ஒரு சுவிட்ச், ஒரு டையோடு, ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவுதான். ஆனால் கட்டி முடித்து மீட்டரை வைத்தால் 12 வர வேண்டிய இடத்தில் 4.7 காட்டும், அல்லது 9 காட்டும், அல்லது 30-ஐத் தாண்டி ஏறும். உடனே அந்த சுவிட்சை ஓட்டும் சிப்பைக் கழற்றி மாற்றத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். எந்த எண் வருகிறது என்பதிலேயே கோளாறு எங்கே என்பது பாதி தெரிந்துவிடும். கீழே உள்ளவை அப்படி எண்ணை வைத்துக் கோளாறைத் தேடும் வழிகள்.

இந்த சர்க்யூட் எப்படி வேலை செய்கிறது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இண்டக்டரின் ஒரு முனை இன்புட்டில். மறுமுனைக்கு சுவிட்ச் நோடு என்று பெயர். அங்கிருந்து ஒரு பக்கம் மாஸ்ஃபெட் (இதுதான் அந்த சுவிட்ச்) வழியாக கிரவுண்டுக்கும், இன்னொரு பக்கம் டையோடு வழியாக அவுட்புட் கெப்பாசிட்டருக்கும் பாதை போகிறது. மாஸ்ஃபெட் ஆன் ஆனால் இண்டக்டரில் கரண்ட் ஏறும். ஆஃப் ஆனால் அந்தக் கரண்ட் சட்டென்று நிற்க முடியாது, அதனால் இண்டக்டர் தன் வோல்டேஜை இன்புட்டோடு சேர்த்துக்கொண்டு டையோடு வழியாக அவுட்புட்டுக்குள் தள்ளும். தொடர்ச்சியாகக் கரண்ட் ஓடும் நிலையில், இழப்புகளை விட்டுவிட்டால், அவுட்புட் = இன்புட் ÷ (1 − டியூட்டி). டியூட்டி என்பது ஒவ்வொரு சைக்கிளிலும் சுவிட்ச் ஆனில் இருக்கும் நேரத்தின் பங்கு. 5-லிருந்து 12-க்குப் போக டியூட்டி சுமார் 58 சதவீதம் வேண்டும்.

இதில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சுவிட்ச் வேலையே செய்யாவிட்டாலும் இன்புட்டிலிருந்து இண்டக்டர், டையோடு வழியாக அவுட்புட்டுக்கு நேர் பாதை இருக்கிறது. கீழே வரும் பாதிப் பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

முதலில் எதை அளக்க வேண்டும்?

மூன்று இடங்கள். சிப்பின் இன்புட் பின்னில் (சப்ளையின் முனையில் அல்ல, சிப்பின் காலிலேயே), அவுட்புட் கெப்பாசிட்டரின் மேல், அப்புறம் ஃபீட்பேக் பின்னில். மூன்றையும் லோடு இல்லாமல் ஒரு முறை, லோடோடு ஒரு முறை பாருங்கள்.

இதில் ஃபீட்பேக் பின்னைத்தான் பலர் தொடுவதே இல்லை, அதுதான் எனக்குப் புரியாதது, ஏனென்றால் மொத்த சர்க்யூட்டிலும் உண்மையைச் சொல்லும் இடம் அது ஒன்றுதான். ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு ரெஃபரன்ஸ் வோல்டேஜ் உண்டு. எம்டி3608-க்கு 0.6 வோல்ட், எக்ஸ்எல்6009-க்கு 1.25, எம்சி34063-க்கும் 1.25. அவுட்புட்டிலிருந்து இரண்டு ரெசிஸ்டர் பிரித்துத் தரும் வோல்டேஜ் இந்த ரெஃபரன்ஸுக்குச் சமமாகும் வரை சிப் முயன்றுகொண்டே இருக்கும். அதனால் மூன்றே நிலைதான் இருக்க முடியும்.

பின்னில் ரெஃபரன்ஸ் அளவு சரியாக இருக்கிறது, ஆனால் அவுட்புட் தப்பு என்றால் சிப் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. நீங்கள் போட்ட ரெசிஸ்டர் விகிதம்தான் தப்பு. பின்னில் ரெஃபரன்ஸைவிடக் குறைவு என்றால் சிப் மேலே ஏற்றப் பார்க்கிறது, முடியவில்லை. கோளாறு பவர் பக்கத்தில், அதாவது இன்புட் சப்ளை, இண்டக்டர், சுவிட்ச், டையோடு, அல்லது அளவுக்கு மீறிய லோடு. (ஒரு விதிவிலக்கு: அவுட்புட் எகிறிக்கொண்டிருக்கும்போது பின்னில் பூஜ்யம் என்றால் மேல் ரெசிஸ்டர், அதாவது அவுட்புட்டுக்கும் பின்னுக்கும் நடுவில் இருப்பது, அறுந்திருக்கிறது, அதைத் தனியாகப் பார்ப்போம்.) பின்னில் ரெஃபரன்ஸைவிட அதிகம் என்றால் அவுட்புட் ஏற்கெனவே உயர்ந்துவிட்டது என்று சிப் நினைத்து சுவிட்சிங்கை நிறுத்திவிட்டது.

ரெசிஸ்டர்கள் மெகாஓம் கணக்கில் இருந்தால் மட்டும் கொஞ்சம் கவனம்: மீட்டரின் உள் மின்தடை வழக்கமாக 10 மெகாஓம், அதை வைத்த உடனே ரீடிங் நகரும். 10 கிலோஓம், 100 கிலோஓம் அளவில் கவலையில்லை.

5 வோல்ட் கொடுக்கிறேன், 12-க்குப் பதில் 4.7 வருகிறது. ஏன்?

சுவிட்சிங்கே நடக்கவில்லை. இன்புட்டிலிருந்து ஒரு ஷாட்கி (வோல்டேஜ் இறக்கம் குறைவான வகை) டையோடின் இறக்கத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் அந்த 4.7. 4.3 அல்லது 4.4 வந்தால் சாதாரண சிலிக்கான் டையோடு போட்டிருக்கிறீர்கள் என்றும் சேர்த்துத் தெரிந்துகொள்ளலாம். நல்ல செய்தி என்னவென்றால் இண்டக்டரும் டையோடும் அறுந்து போகவில்லை.

அடுத்து சிப்பை ஆன், ஆஃப் செய்யும் எனேபிள் பின்னைப் பாருங்கள். அது எங்கேயும் இணைக்கப்படாமல் மிதந்தால் சில சிப்கள் ஓடும், சில ஓடாது. டேட்டாஷீட்டில் ஒரு வரிதான் இருக்கும், தேடிப் படித்துவிடுங்கள். இன்புட் வோல்டேஜ் சிப் கேட்கும் குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் ஃபீட்பேக்: கீழ் ரெசிஸ்டர், அதாவது ஃபீட்பேக் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் இருப்பது, சால்டர் பிடிக்காமல் இருந்தால் மேல் ரெசிஸ்டர் வழியாக முழு அவுட்புட் வோல்டேஜும் பின்னுக்கு வந்துவிடும். 0.6-ஐ எதிர்பார்க்கும் பின்னில் 4.7 இருந்தால் சிப் ஏன் சுவிட்ச் செய்யப்போகிறது? இந்தக் கோளாறு அடிக்கடி வரும், மீட்டர் வைத்த அடுத்த நொடியே பிடிபடும்.

சுவிட்சிங் நடக்கிறதா என்று பார்க்க சுவிட்ச் நோடில் மீட்டரை டிசி வோல்ட்டில் வைப்பவர்கள் உண்டு. அதில் பயனில்லை. இண்டக்டரின் மேல் சராசரி வோல்டேஜ் பூஜ்யம், அதனால் சுவிட்ச் நோடின் சராசரி எப்போதும் கிட்டத்தட்ட இன்புட்டுக்குச் சமமாகத்தான் இருக்கும், சுவிட்சிங் நடந்தாலும் 5, நடக்காவிட்டாலும் 5. ஆஸிலோஸ்கோப் இருந்தால் அதில் பாருங்கள். இல்லையென்றால், மீட்டரில் ஃபிரீக்வென்சி ரேஞ்ச் இருந்து அது உங்கள் சிப்பின் வேகத்துக்கு எட்டினால் அதில் வைத்துப் பாருங்கள்.

அவுட்புட் சுத்தமாகப் பூஜ்யம்?

மேலே சொன்ன நேர் பாதை எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது அவுட்புட் ஷார்ட். இண்டக்டரின் சால்டர், டையோடின் திசை, அவுட்புட் கெப்பாசிட்டர் ஷார்ட்டா என்ற வரிசையில் பாருங்கள். டையோடு தலைகீழாக இருந்து சிப் ஓடிக்கொண்டிருந்தால் இண்டக்டரின் கரண்ட் போக வழியில்லாமல் சுவிட்ச் நோடு எகிறி மாஸ்ஃபெட் சாகும், அதனால் டையோடைத் திருப்பியதோடு நிறுத்தாமல் மாஸ்ஃபெட்டையும் சோதித்துவிடுங்கள்.

லோடு இல்லாமல் சரியாக 12 வருகிறது. லோடு போட்டதும் 8-க்கு இறங்குகிறது. சிப் போய்விட்டதா?

பெரும்பாலும் சிப் நன்றாகத்தான் இருக்கும். அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், பத்தில் பல முறை பதில் இன்புட் பக்கத்தில் கிடக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட், 0.5 ஆம்பியர் என்றால் 6 வாட். 85 சதவீதம் திறன் என்று வைத்தால் உள்ளே சுமார் 7 வாட் போக வேண்டும். 5 வோல்ட்டில் அது 1.4 ஆம்பியர். அவுட்புட்டில் அரை ஆம்பியர்தானே என்று நினைத்து யூஎஸ்பி 2.0 போர்ட்டில் சொருகினால் அது தருவது 500 மில்லியாம்பியர். கம்ப்யூட்டர் போர்ட் இறங்கும், அல்லது துண்டித்துக்கொள்ளும்.

அடுத்தது ஒயர். சப்ளை நன்றாக இருந்தாலும் மெல்லிய கேபிள், பிரெட்போர்டு பற்றுகள், முதலைக் கிளிப் எல்லாம் சேர்ந்து 1 ஓம் வந்துவிடுவது சாதாரணம். இங்கேதான் பூஸ்ட் கன்வர்ட்டரின் ஒரு குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். சாதாரண ரெசிஸ்டர் லோடில் வோல்டேஜ் இறங்கினால் கரண்டும் இறங்கும். கன்வர்ட்டருக்கு நேர் எதிர்: அவுட்புட்டில் அதே பவரைக் கொடுக்க வேண்டும் என்பதால் இன்புட் இறங்க இறங்க அது இன்னும் அதிகக் கரண்ட் கேட்கும், கரண்ட் கூடினால் ஒயரில் இறக்கம் கூடும், இன்புட் இன்னும் இறங்கும். 5 வோல்ட் சப்ளையோடு 1 ஓம் தொடரில் இருந்தால் மறுமுனையில் எடுக்க முடிகிற உச்ச பவர் 25 ÷ 4, அதாவது 6.25 வாட். நமக்கு 7 வேண்டும். எந்தச் சிப்பை மாற்றினாலும் இது நடக்காது. அதே ஒயர் 0.3 ஓம் ஆனால் சிப்பின் காலில் 4.5 வோல்ட் நின்று, சர்க்யூட் ஒழுங்காக ஓடும்.

ஆகவே லோடைப் போட்டு சிப்பின் இன்புட் காலில் மீட்டரை வையுங்கள். 5 வோல்ட் 3.5 ஆகிறது என்றால் தேடல் முடிந்தது: தடித்த, குட்டையான ஒயர், நேரடி சால்டர், சிப்புக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல இன்புட் கெப்பாசிட்டர். பெஞ்ச் சப்ளை வைத்திருந்தால் அதன் கரண்ட் லிமிட் எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள், குறைவாக வைத்துவிட்டு மறந்துபோவது எல்லோருக்கும் நடக்கும்.

இன்புட் அசையாமல் 5-இலேயே நிற்கிறது, ஆனாலும் அவுட்புட் இறங்குகிறது என்றால்தான் இண்டக்டர், சுவிட்சின் கரண்ட் லிமிட், டையோடு பக்கம் போக வேண்டும்.

மாட்யூலில் 4 ஆம்பியர் என்று போட்டிருக்கிறதே, ஏன் 1 ஆம்பியர்கூட வரவில்லை?

அந்த 4 ஆம்பியர் சுவிட்ச் தாங்கும் உச்ச கரண்ட், அவுட்புட் கரண்ட் அல்ல. சுவிட்சில் ஓடுவது இன்புட் பக்கத்துக் கரண்ட். 3.7 வோல்ட் செல்லிலிருந்து 12 வோல்ட், 1 ஆம்பியர் கேட்டால், 85 சதவீதம் திறனிலேயே சராசரி இன்புட் கரண்ட் 3.8 ஆம்பியர், ரிப்பிள் (கரண்டின் ஏற்ற இறக்கம்) சேர்ந்தால் உச்சம் 4-ஐத் தொட்டுவிடும், சிப் ஒவ்வொரு சைக்கிளிலும் சுவிட்சை முன்னதாகவே அணைத்துவிடும், அவுட்புட் இறங்கும். அந்தச் சின்ன போர்டில் இருக்கும் இண்டக்டரும் டையோடும் அவ்வளவு கரண்டைத் தொடர்ந்து தாங்காது என்பது வேறு விஷயம். விற்பனைப் பக்கத்து எண்ணைவிட உங்கள் கணக்கை நம்புங்கள்.

இண்டக்டர் சாச்சுரேட் ஆகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு அளவுக்கு மேல் கரண்ட் போனால் இண்டக்டரின் கோர் நிரம்பிவிடும். அதன் பிறகு அது இண்டக்டராக நடந்துகொள்ளாது, வெறும் ஒயர் போல ஆகி கரண்ட் செங்குத்தாக ஏறும். ஸ்கோப்பில் ஒரு சின்ன சென்ஸ் ரெசிஸ்டரின் மேல் பார்த்தால் நேராக ஏற வேண்டிய முக்கோணத்தின் நுனி கொம்பு மாதிரி மேலே வளையும். ஸ்கோப் இல்லையென்றால் அறிகுறி இப்படி இருக்கும்: ஒரு லோடு வரை எல்லாம் ஒழுங்கு, அதைத் தாண்டியதும் திடீரென்று அவுட்புட் சரிகிறது, இன்புட் கரண்ட் எகிறுகிறது, மாஸ்ஃபெட் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது.

இண்டக்டரின் ரிப்பிள் கரண்ட் = இன்புட் × டியூட்டி ÷ (ஃபிரீக்வென்சி × இண்டக்டன்ஸ்). 5-லிருந்து 12, 100 கிலோஹெர்ட்ஸ், 22 மைக்ரோஹென்றி என்றால் ரிப்பிள் 1.3 ஆம்பியர். சராசரி 1.4-ஓடு ரிப்பிளில் பாதியைக் கூட்டினால் உச்சம் 2 ஆம்பியரைத் தாண்டுகிறது. அதே 22 மைக்ரோஹென்றி 1.2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எம்டி3608-இல் இருந்தால் ரிப்பிள் 0.11 ஆம்பியர்தான். ஒரே இண்டக்டர் ஒரு சிப்புக்கு ஏற்றதாகவும் இன்னொன்றுக்குப் போதாததாகவும் இருப்பது இதனால்தான். சிப்பின் மேல் அச்சடித்திருப்பதை மட்டும் நம்பாமல், எந்த ஃபிரீக்வென்சியில் உண்மையில் ஓடுகிறது என்றும் பாருங்கள். எக்ஸ்எல்6009 என்றால் 400 கிலோஹெர்ட்ஸ் வர வேண்டும். 50 பக்கத்தில் வந்தால் உள்ளே இருப்பது வேறு ஏதோ, போர்டில் இருக்கும் இண்டக்டர் அதற்குப் போதாது.

வாங்கும்போது சாச்சுரேஷன் கரண்டும் சூடு சார்ந்த கரண்டும் தனித்தனி எண்கள் என்பதைக் கவனியுங்கள். வேல்யூ மட்டும் எழுதிய, பச்சை ரெசிஸ்டர் மாதிரி இருக்கும் சின்ன அச்சு வகை இண்டக்டர்கள் இந்த வேலைக்கு வேண்டாம்.

அவுட்புட் 12-இல் நிற்காமல் 25, 30 என்று ஏறுகிறது!

உடனே சப்ளையை எடுங்கள், அப்புறம் படியுங்கள்.

ஃபீட்பேக் அறுந்திருக்கிறது. மேல் ரெசிஸ்டர் ஓப்பன் ஆனால் கீழ் ரெசிஸ்டர் ஃபீட்பேக் பின்னைப் பூஜ்யத்துக்கு இழுத்துவிடும். அவுட்புட் செத்துக் கிடக்கிறது என்று நினைத்து சிப் முழு டியூட்டியில் தள்ளும். ஓவர்வோல்டேஜ் பாதுகாப்பு இல்லாத சிப்பில் ஏதாவது ஒன்று வெடிக்கும்வரை ஏறிக்கொண்டே போகும்: டையோடு, அவுட்புட் கெப்பாசிட்டர், சுவிட்ச், எது பலவீனமோ அது. டிரிம்பாட்டின் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) நடுக்கால் தொடர்பு விட்டுப்போனாலும் இதே கதைதான். அதனால் வோல்டேஜ் முடிவானதும் டிரிம்பாட்டைக் கழற்றிவிட்டு நிலையான ரெசிஸ்டர் போடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. குறைந்தபட்சம் டிரிம்பாட்டை மேல் பக்கம் ரியோஸ்டாட்டாக விடாமல், தொடர்பு விட்டால் வோல்டேஜ் இறங்குகிற மாதிரி கீழ் பக்கம் அமையுங்கள். சோதிக்கும்போது அவுட்புட்டில் ஒரு டம்மி ரெசிஸ்டரும் உங்கள் லோடு தாங்கும் வோல்டேஜுக்கு ஒரு ஜீனரும் இருந்தால் பின்னால் இருக்கும் போர்டு பிழைக்கும்.

12 கேட்டேன், 11.4 வருகிறது. எப்போதும் அதே அளவுதான் தப்பு, லோடுக்கு மாறவில்லை.

ரெசிஸ்டர் விகிதம். அவுட்புட் = ரெஃபரன்ஸ் × (1 + மேல் ÷ கீழ்). 0.6 ரெஃபரன்ஸ், கீழே 10 கிலோஓம் என்றால் 12-க்கு மேலே 190 கிலோஓம் வேண்டும். கையில் 180 தான் இருந்தது என்று போட்டால் வருவது துல்லியமாக 11.4. 220 போட்டால் 13.8. ஆக இது கோளாறே இல்லை. 5 சதவீத ரெசிஸ்டர்கள் இரண்டும் எதிரெதிர் திசையில் விலகினால் விகிதத்தில் 10 சதவீதம் வரை தப்பு வரும். 1 சதவீத வகையை வாங்குங்கள், தேவையானால் இரண்டைத் தொடரில் போட்டு மதிப்பைச் சரிசெய்யுங்கள்.

இன்னொன்று, மீட்டரின் பேட்டரி. தீர்ந்துபோகும் நிலையில் இருந்தால் பல மல்டிமீட்டர்கள் கூடுதலாகக் காட்டும். சரி என்று தெரிந்த ஒரு வோல்டேஜை முதலில் அளந்து பாருங்கள்.

டிரிம்பாட்டைத் திருப்பிக்கொண்டே இருக்கிறேன், அவுட்புட் அசையவே இல்லை.

இன்னும் திருப்புங்கள். பரவலாகக் கிடைக்கும் எம்டி3608 போர்டுகளில் கீழே 2.2 கிலோஓம், மேலே 100 கிலோஓம் பலசுற்று டிரிம்பாட். முழுமைக்கு 25 சுற்று என்று வையுங்கள். இன்புட் 5 வோல்ட் என்றால் அவுட்புட் இலக்கு 5-ஐத் தாண்டும்வரை மீட்டரில் எதுவும் மாறாது, அதற்கு டிரிம்பாட் 16 கிலோஓமுக்கு மேல் வர வேண்டும், அதாவது அந்த முனையிலிருந்து சுமார் 4 சுற்று. இன்புட் கூடுதலாக இருந்தால் இன்னும் அதிகம். லோடை இணைக்காமல் திருப்புங்கள், மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள், ஏனென்றால் ஒருமுறை பிடித்துக்கொண்டால் அதன் பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் 1 வோல்ட்டுக்கு மேல் நகரும்.

அர்டுயினோ பிடபிள்யூஎம்மை (அது தரும் ஆன்-ஆஃப் பல்ஸ்களை) வைத்து நானே கட்டினேன். மாஸ்ஃபெட் சுடுகிறது, வோல்டேஜ் வரவில்லை.

பொதுவாக இதில் மூன்று விஷயம் ஒன்றாகத் தப்பாக இருக்கும்.

முதலாவது ஃபிரீக்வென்சி. அர்டுயினோ ஊனோவில் பெரும்பாலான பின்களின் இயல்பான பிடபிள்யூஎம் சுமார் 490 ஹெர்ட்ஸ். 100 மைக்ரோஹென்றி இண்டக்டருக்கு 5 வோல்ட் கொடுத்தால் மைக்ரோசெகண்டுக்கு 50 மில்லியாம்பியர் வீதம் கரண்ட் ஏறும். 490 ஹெர்ட்ஸில் 58 சதவீதம் ஆன் என்பது 1.2 மில்லிசெகண்ட், கணக்குப்படி 59 ஆம்பியர்! அதாவது இண்டக்டர் ஆரம்பத்திலேயே நிரம்பிவிட்டு, மிச்ச நேரம் முழுக்க சப்ளை ஷார்ட்டில் நிற்கிறது. டைமரை மாற்றி 62.5 கிலோஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தால் ஆன் நேரம் 9.3 மைக்ரோசெகண்ட், ஏறும் கரண்ட் 0.47 ஆம்பியர். இப்போது அது பூஸ்ட் கன்வர்ட்டர்.

இரண்டாவது மாஸ்ஃபெட். ஐஆர்எஃப்540என் போன்றவற்றின் டேட்டாஷீட்டில் த்ரெஷோல்ட் 2 முதல் 4 வோல்ட் என்று பார்த்துவிட்டு 5 போதும் என்று நினைப்பார்கள். அந்த எண் வெறும் 250 மைக்ரோஆம்பியர் ஓடத் தொடங்கும் இடம். 44 மில்லிஓம் என்ற நல்ல எண் கேட்டில் 10 வோல்ட் இருக்கும்போது வருவது. 5 வோல்ட்டில் அது அரைகுறையாகத்தான் திறக்கும். ஐஆர்எல்இசட்44என் போன்ற லாஜிக் லெவல் வகையைப் போடுங்கள். கேட்டை வேகமாக நிரப்ப ஒரு டிரைவர் சிப்பும் தேவை: 540என்னின் கேட் சார்ஜ் 10 வோல்ட்டில் 71 நானோகூலம்ப் வரை, 5 வோல்ட்டில் அதில் பாதி என்றாலும் 20 மில்லியாம்பியர் பின் அதை நிரப்ப 2 மைக்ரோசெகண்ட் பக்கம் ஆகும். மொத்த சைக்கிளே 16 மைக்ரோசெகண்ட். அந்த நேரமெல்லாம் மாஸ்ஃபெட் பாதி திறந்த நிலையில் சூடாகிக்கொண்டிருக்கும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது: ஃபீட்பேக் இல்லாமல் நிலையான டியூட்டியில் ஓட்டுவது. லோடு குறைவாக இருக்கும்போது மேலே சொன்ன சூத்திரம் செல்லாது, அவுட்புட் அதற்கு மேலே போகும், லோடே இல்லையென்றால் போய்க்கொண்டே இருக்கும். மேலே சொன்ன 0.47 ஆம்பியர், 62.5 கிலோஹெர்ட்ஸ் கணக்கிலேயே நொடிக்கு 0.7 ஜூலுக்குப் பக்கம் கெப்பாசிட்டருக்குள் போகிறது; 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 0.2 நொடிக்குள் 50 வோல்ட்டைத் தொட்டுவிடும். அதில் 25 வோல்ட் கெப்பாசிட்டர் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. லோடு இல்லாமல் இப்படி ஒருபோதும் ஓட்டாதீர்கள்.

எம்சி34063 வைத்துக் கட்டினேன், 12 வோல்ட்டில் 300 மில்லியாம்பியர்கூட தாங்கவில்லை.

அந்தச் சிப்பின் உள் சுவிட்ச் 1.5 ஆம்பியர் உச்சத்துக்கானது, டார்லிங்டன் (இரண்டு டிரான்சிஸ்டர் சேர்ந்த அமைப்பு) என்பதால் ஆன் ஆகும்போதே 1 வோல்ட் பக்கம் தின்றுவிடும். 5-லிருந்து 12-க்கு டேட்டாஷீட் சூத்திரத்தைப் போட்டால் கிடைக்கும் உச்சமே சுமார் 260 மில்லியாம்பியர். அதுவும் சென்ஸ் ரெசிஸ்டர் சரியாக இருந்தால்: 0.3-ஐ ரெசிஸ்டரால் வகுத்தால் உச்ச கரண்ட், 0.22 ஓம் போட்டால் 1.36 ஆம்பியர். அங்கே தெரியாமல் 1 ஓம் போட்டால் 0.3 ஆம்பியரிலேயே மூடிக்கொள்ளும். அதற்கு மேல் கரண்ட் வேண்டுமென்றால் வெளியே மாஸ்ஃபெட் சேருங்கள், அல்லது புதிய சிப்புக்கு மாறுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

1என்4007 டையோடு போடலாமா?

வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் ரெக்டிஃபையருக்கான மெதுவான டையோடு அது. அணைய மைக்ரோசெகண்ட் கணக்கில் எடுத்துக்கொள்ளும், அந்த நேரத்தில் அவுட்புட்டிலிருந்து கரண்ட் பின்னோக்கி சுவிட்சுக்குள் ஓடும். 1என்5819 ஷாட்கி 1 ஆம்பியர் வரை, 1என்5822 அல்லது எஸ்எஸ்34 என்றால் 3 ஆம்பியர் வரை. ஆனால் இவை மூன்றும் 40 வோல்ட் டையோடுகள், 48 வோல்ட் அவுட்புட்டில் போடக் கூடாது.

வோல்டேஜ் நிலையாக இல்லை, ஆடுகிறது, இண்டக்டர் கீச்சிடுகிறது.

பிரெட்போர்டில் கட்டியிருக்கிறீர்களா? அதை முதலில் விடுங்கள். சுவிட்ச், டையோடு, அவுட்புட் கெப்பாசிட்டர் மூன்றும் சேர்ந்த வளையத்தில் கரண்ட் நானோசெகண்டுகளில் ஆன்-ஆஃப் ஆகிறது. அந்த வளையம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. ஃபீட்பேக் ரெசிஸ்டர்கள் சிப்பின் பின்னுக்கு ஒட்டி இருக்க வேண்டும், அவற்றின் ஒயர் இண்டக்டருக்குப் பக்கத்தில் போகக் கூடாது.

அடுத்து கெப்பாசிட்டர். 10 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் என்று வாங்கிய சின்ன செராமிக், 12 வோல்ட் டிசி மேலே இருக்கும்போது பாதிக்கும் மேல் கொள்ளளவை இழந்துவிடக்கூடும். இரண்டு மூன்றை இணையாகப் போடுங்கள், அல்லது கூடுதல் வோல்டேஜ் ரேட்டிங்கில், பெரிய அளவில் எடுங்கள். பழைய எலக்ட்ரோலிட்டிக் என்றால் அதன் உள் மின்தடை ஏறியிருக்கும், மாற்றிவிட்டுப் பாருங்கள்.

லோடு இல்லாதபோது மட்டும் மெல்லிய கீச் என்றால் பயப்பட வேண்டாம், சிப் பல்ஸ்களைத் தவிர்த்துத் தவிர்த்து ஓடுகிறது. ஸ்கோப்பில் ஊசி மாதிரி பெரிய ஸ்பைக்குகள் தெரிந்தால், முதலில் புரோபின் நீள கிரவுண்ட் கிளிப்பைக் கழற்றிவிட்டு கெப்பாசிட்டரின் மேலேயே குட்டை ஸ்பிரிங்கால் அளங்கள். அந்த ஸ்பைக்குகளில் கணிசமானவை அந்தக் கிளிப் ஒயர் பிடித்தவை.

3.7 வோல்ட்டிலிருந்து நேரடியாக 48 வரை ஏற்றலாமா? டியூட்டியைக் கூட்டினால் வோல்டேஜ் குறைகிறதே?

சூத்திரத்தில் டியூட்டி 1-ஐ நெருங்கினால் அவுட்புட் எல்லையில்லாமல் போக வேண்டும். நிஜத்தில் இண்டக்டர், சுவிட்ச், ஒயர் ஆகியவற்றின் மின்தடை அதைத் தடுக்கும். தோராயமாக, எட்டக்கூடிய உச்ச மடங்கு = லோடு ஓம் ÷ இழப்பு ஓம் என்பதன் வர்க்கமூலத்தில் பாதி. 24 ஓம் லோடு, மொத்த இழப்பு 0.5 ஓம் என்றால் 3.46 மடங்கு. 3.7 வோல்ட் செல்லில் 12.8, அவ்வளவுதான், அதுவும் பாதி பவரைச் சூடாக்கித் தொலைத்துவிட்டு. அந்த முகட்டைத் தாண்டி டியூட்டியைக் கூட்டினால் அவுட்புட் இறங்கத்தான் செய்யும். சில மில்லியாம்பியர் லோடுக்கு 48 சாத்தியம். கனமான லோடுக்கு செல்களைத் தொடரில் சேருங்கள், அல்லது டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டோபாலஜிக்குப் போங்கள்.

12 வோல்ட்டுக்கு செட் செய்தேன், 14 வருகிறது. இன்புட் லெட் ஆசிட் பேட்டரி.

சார்ஜ் ஆகும் பேட்டரி 14.4 வரை போகும். பூஸ்ட் கன்வர்ட்டரால் இன்புட்டைவிடக் குறைத்துத் தர முடியாது, நேர் பாதை திறந்தே இருக்கிறது. ஏற்றவும் இறக்கவும் முடிகிற செபிக் அல்லது பக்-பூஸ்ட் வகை வேண்டும். இதே காரணத்தால் எனேபிளை அணைத்தாலும் அவுட்புட் அணையாது, அவுட்புட் ஷார்ட்டானால் சிப்பால் காப்பாற்றவும் முடியாது; இன்புட்டில் ஃபியூஸ் போட்டே ஆகவேண்டும்.

24 வோல்ட் வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது, 20 வோல்ட் அடாப்டரைச் சொருகிய உடனே சிப் செத்துவிட்டது.

சொருகும் கணத்தில் கேபிளின் இண்டக்டன்ஸும் போர்டில் இருக்கும் செராமிக் கெப்பாசிட்டரும் சேர்ந்து அதிர்ந்து, சிப்பின் காலில் இன்புட்டின் இரண்டு மடங்கு வரை, அதாவது 40 வோல்ட் பக்கம், ஒரு நொடிப்பொழுது காட்டக்கூடும். மீட்டரில் இது தெரியாது. செராமிக்குக்கு இணையாக 47 அல்லது 100 மைக்ரோஃபாரட் சாதாரண எலக்ட்ரோலிட்டிக் ஒன்றைப் போட்டால் அதன் உள் மின்தடையே அந்த அதிர்வை அடக்கிவிடும். கூடவே ஒரு டிவிஎஸ் டையோடும் (திடீர் மிகை வோல்டேஜைத் தடுப்பது) இருந்தால் இன்னும் நல்லது. அடாப்டரை முதலில் போர்டில் சொருகிவிட்டு, பிறகு அதன் மின் பக்கத்தை ஆன் செய்தாலும் பெரும்பாலும் தப்பிக்கலாம், ஏனென்றால் அப்போது வோல்டேஜ் மெதுவாக ஏறும்.